மடத்தின் வாயிலில்

துறவறம் பூண வருவோர்க்கு உடனே கதவைத் திறந்துவிடலாகாது என்று 6-ஆம் நூற்றாண்டில் விதித்தவர் இத்தாலி நாட்டு அர்ச்சியசிஷ்ட ஆசீர்வாதப்பர். அவர் வகுத்த ஒழுங்கு நூலின் 58-ஆம் அதிகாரப்படி, வந்தவர் நான்கைந்து நாள் வாயிலில் பொறுமையுடன் காத்திருத்தல் வேண்டும். பின்னர்ச் சில நாள் விருந்தினர் அறையில் தங்குதல் வேண்டும். அதன்பின் ஓராண்டு நவசந்நியாசம். அவ்வாண்டில் ஒழுங்கு நூல் முழுவதும் மும்முறை அவருக்குப் படித்துக் காட்டப்படும். ஏற்க இயலாதெனில் தடையின்றிச் செல்லலாம்.

கன்னியர் மடங்களில் இவ்விதிக்குத் தனிச் சிறப்பு உண்டு. சீதனச் செலவுக்கு அஞ்சிப் பெண்களை மடத்தில் அடைத்த குடும்பங்கள் ஐரோப்பாவில் பல இருந்தன. எனவே 1563-இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம், 16 வயது நிரம்பி ஓராண்டுச் சோதனை முடியுமுன் அளிக்கும் வார்த்தைப்பாடு செல்லாது என்று விதித்தது. பெண்ணின் மனச்சம்மதத்தை மேற்றிராணியார் விசாரித்தறியவும் கட்டளையிட்டது. அவளைப் பலவந்தப்படுத்துவோரைச் சபைக்குப் புறம்பாக்கியது.

இக்காலத்திலும் அந்த நிதானம் மறையவில்லை. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்துப் பெத்லகேம் என்னும் ஊரில், 1947-இல் ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் ரெஜினா லாடிஸ் மடத்தை நிறுவினர். திரைப்பட நடிகை டோலரஸ் ஹார்ட் 1959-இல் அங்கு விருந்தினராகத் தங்கினார். 1963-இல் திரையுலகைத் துறந்து மடம் புகுந்தார். 1970-இல் இறுதி வார்த்தைப்பாடு அளித்தார். முதல் வருகைக்கும் முடிவான சொல்லுக்கும் இடையே 11 ஆண்டுகள்!

வாழ்நாள் முழுவதும் மதிலுக்குள் அடங்கி வாழ வேண்டிய வாழ்வு அது. உள்ளே வருபவள் தன் விருப்பத்தால் வருகிறாளா, பிறர் விருப்பத்தாலா என்பதைத் தெளிந்தறியவே இத்தனை காத்திருப்பும் ஏற்பட்டது.