ரப்பர்த் தோட்டத்துத் துப்பாக்கியும் ஆடிய அடிக்கட்டையும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையின் தென்கோடியில், நிபோங் பனை அடர்ந்த கிரியான் ஆற்றங்கரையில் எழுந்த நிபோங் திபால், 19ஆம் நூற்றாண்டில் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளரின் உழைப்பால் கரும்பு விளைந்த நிலமாகவும், அடுத்த நூற்றாண்டில் ரப்பர் நாடாகவும் மாறியது. இங்குள்ள கலிடோனியா தோட்டத்தில், 99 கதவு மாளிகை என்று வழங்கும் வீட்டில், தோட்ட உரிமையாளர் ஜான் ராம்ஸ்டன் 1948 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களால் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட, மலாயாவின் தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்கச் சிறப்புக் காவலர்கள் திரட்டப்பட்டனர்.

அவர்கள் தோளில் ஏறியவற்றுள் முதன்மையானது லீ-என்ஃபீல்டு ரைஃபிள். அதன் மரப்பகுதி ஒரே துண்டன்று. தோளில் ஊன்றும் அடிக்கட்டையும், குழலைத் தாங்கும் முன்கட்டையும் தனித்தனியானவை. அடிக்கட்டையின் நுனி ஒரு இரும்புக் கிண்ணத்தில் செருகப்பட்டு, கட்டையின் உள்ளே நீளவாக்கில் ஓடும் ஒரு திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கும். அக்ரூட் மரம் மழைக்கால ஈரத்தில் ஊதியும் வறட்சியில் சுருங்கியும் கிண்ணத்துள் தளரும்போது கட்டை ஆடத் தொடங்கும். ஆடும் கட்டையோடு குறி நிலைக்காது என்பதே அதை உடனே சீர்செய்ய வேண்டியதன் காரணம். மரம் ஈரம் குடிக்காதிருக்க ஆளிவிதை எண்ணெய் ஊட்டுவது பிரிட்டிஷ் படையின் வழக்கமாக இருந்தது.

இறுக்கும் வேலை எளிதாகத் தோன்றினாலும் அதில் ஒரு கண்ணி உண்டு. எண் 1 என்று பெயர் பெற்ற பழைய வகையில், அத்திருகாணியின் சதுர முனை முன்கட்டையின் பின்புறத்திலுள்ள சிறு தகட்டில் பொருந்தி நிற்பதால், முன்கட்டையை முதலில் கழற்றாமல் திருகினால் தகடும் சேர்ந்து சுழன்று முன்கட்டையையே பிளந்துவிடும். ஆகவே முன்கட்டையைக் கழற்றி, அடித்தகட்டின் கதவைத் திறந்து, உள்ளிருக்கும் தோல் அடைப்பை எடுத்து, நீண்ட திருப்புளியால் ஆணியை முறுக்க வேண்டும். சுருக்கம் மிகுந்தால் தேய்ந்த முகத்தில் மெல்லிய மரச்சீவல் ஒட்டிச் செதுக்கிப் பொருத்துவதே வழி. அதுவே இப்பழுதுபார்ப்பின் மிக நுட்பமான பகுதி. சிறிது மிகுதியாகச் செதுக்கினாலும் தளர்ச்சி திரும்பிவிடும்.

மண்வெட்டிக்கும் கோடரிக்கும் காம்பு போட்டுப் பழகிய கைக்கு இந்தச் செதுக்கு வேலை எட்டாததன்று. ஆயினும் அக்காலத்தில் உரிமமற்ற கையில் ஒரு துப்பாக்கி இருப்பதே உயிரைப் பணயம் வைப்பதாகும். 1948இன் அவசரகால விதிகள் அதற்கு மரண தண்டனை விதித்தன. தஞ்சை மண்ணில் பிறந்து, அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்த குற்றச்சாட்டின் பேரில் 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.