மின்னஞ்சல் கணக்கு, தனிநபர் (கொழும்பு)

தனிநபர் மின்னஞ்சல் கணக்கு என்பது ஒருவர் இணையவழிக் கடிதங்களை அனுப்பவும் பெறவும் தம் பெயரில் வைத்திருக்கும் முகவரியும் பெட்டியும் ஆகும். வங்கி, முகநூல், வீசா விண்ணப்பம் எனப் பல கணக்குகளின் கடவுச்சொல்லை மறந்தால், புதியதை அமைப்பதற்கான இணைப்பு இந்தப் பெட்டிக்கே வருகிறது. இதைத் திறக்கக்கூடியவர் மற்றவற்றையும் திறந்துவிடலாம். ஆகவே கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதே பாதுகாப்பின் முதற் கேள்வி.

வரலாறு

1971 இல் அமெரிக்கப் பொறியியலாளர் ரே டொம்லின்சன் கணினிக்குக் கணினி செய்தி அனுப்பினார். பயனரின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க 'அட்' குறியைத் தேர்ந்தவரும் அவரே. இலங்கையில் 1990 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு உயர்கல்வி நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் வந்தது. 1995 இல் லங்கா இன்டர்நெட் சேர்விசஸ் வணிக இணையச் சேவையைத் தொடங்கியது. 1996 இல் ஹொட்மெயிலும் 2004 இல் ஜிமெயிலும் இலவசப் பெட்டிகளைத் தந்தன.

வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் பலருக்கு மின்னஞ்சல் அறிமுகமானது 'கொமியூனிகேஷன்' கடைகளில்தான். வெளிநாட்டு அழைப்பு, போட்டோ கொப்பி, பெக்ஸ் ஆகியவற்றோடு அதுவும் ஒரு சேவையானது.

கணக்கைத் தொடங்குதல்

வீசா படிவம் நிரப்ப வரும் மூத்தவரிடம் மின்னஞ்சல் இல்லையென்றால், கடையில் இருப்பவரே ஒன்றைத் திறந்து கொடுப்பது வழக்கம். உறுதிப்படுத்தும் இலக்கம் கடைக்காரரின் போனுக்கு வரும். கடவுச்சொல் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தரப்படும். உதவி நல்ல மனத்தோடு செய்யப்பட்டாலும் கணக்கின் சாவி அங்கேயே தங்கிவிடுகிறது. தூதரகத்தின் பதில் வந்திருக்கும் நாளில் அந்தத் தாளைத் தேடுவோர் பலர்.

எனவே கணக்கைச் சொந்தப் போனில், சொந்த எண்ணைக் கொடுத்துத் தொடங்க வேண்டும். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் பலவாறு எழுதலாம். கடவுச்சீட்டிலுள்ள எழுத்துக்கூட்டலையே முகவரிக்கும் எடுத்தால் பிற்காலக் குழப்பம் குறையும். வேறொருவரின் கணினியில் பார்த்தால், எழும் முன் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும்.

கடவுச்சொல்

பிறந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும் கடவுச்சொல்லுக்கு உதவா. பழைய தேசிய அடையாள அட்டையின் முதல் இரு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். புதிய 12 இலக்க அட்டையில் ஆண்டு முழுமையாகவே உள்ளது. அட்டையின் பிரதி கிடைத்த எவருக்கும் பிறந்த நாள் தெரியும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்த நீண்ட தொடர் நினைவில் நிற்கும், ஊகிக்கவும் கடினம். அதை வேறெந்தக் கணக்குக்கும் பயன்படுத்தலாகாது. 2013 இல் யாஹூவில் நடந்த ஊடுருவல் 300 கோடிக் கணக்குகளைத் தொட்டது. ஒரே சொல்லை எங்கும் வைத்திருந்தால் ஓரிடத்துக் கசிவு எல்லா இடத்தையும் திறந்துவிடும்.

இரண்டாம் படியும் மீட்பு எண்ணும்

இரட்டைப் படிச் சரிபார்ப்பை இயக்கினால், கடவுச்சொல் திருடப்பட்டாலும் போனுக்கு வரும் குறியீடின்றி உள்ளே நுழைவது கடினம். கொழும்பில் இதற்கொரு சிக்கல் உண்டு. கனடாவுக்கோ லண்டனுக்கோ போனவரின் இலங்கை சிம் பயன்பாடின்றிக் காலாவதியாகும். அந்த எண் பின்னர் வேறொருவருக்குப் போகலாம். அதற்குள் மீட்பு எண்ணை மாற்றாதவர் தம் கணக்குக்கு வெளியே நிற்பார். புறப்படுமுன் கணக்கை, குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் அங்கீகாரச் செயலியோடு இணைப்பதும், மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டுக் கடவுச்சீட்டோடு வைப்பதும் நல்லது. ஜிமெயில் இத்தகைய 10 குறியீடுகளைத் தருகிறது. ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே செல்லும்.

போலி மடல்கள்

தபால் திணைக்களத்தின் பெயரில் 'பொதி காத்திருக்கிறது, கட்டணம் செலுத்துங்கள்' என்று வரும் போலிச் செய்திகள் இலங்கையில் பரவியுள்ளன. இணைப்பைத் தொடுமுன் முகவரியைப் பார்க்க வேண்டும். முதல் தனிச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னுள்ள பகுதியே தளத்தின் உரிமையாளரைக் காட்டும். அரச தளங்களில் அப்பகுதி 'கவ் டொட் எல்கே' என முடியும்; அச்சொற்கள் நடுவில் மட்டும் இருந்தால் அது ஏமாற்று. உறுதிப்படுத்தும் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது.

கணக்கு கைமாறினால்

முதலில் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற வேண்டும். பிறகு மீட்பு எண்ணையும், மடல்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் அமைப்பையும் பார்க்க வேண்டும். நுழைந்தவர் விட்டுச்செல்லும் பின்வாசல் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அனுமதியின்றி ஒருவரின் கணக்கில் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாள 2006 இல் நிறுவப்பட்ட இலங்கை சேர்ட் அமைப்பை 101 என்ற எண்ணில் அழைத்து உதவி கேட்கலாம். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவிலும் முறையிடலாம்.