வயல் எலிக் கறி

செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்து இருளர் பழங்குடியினர் சமைத்துண்ணும் இறைச்சி. நெல் அறுவடையை ஒட்டி எலி கொழுத்திருக்கும். எலி வளையின் ஒரு வாயை விட்டு மற்ற வாய்களை மண்ணால் அடைத்து, துளையிட்ட பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதிப் புகையை உள்ளே செலுத்துவர். ஊதுபவரின் கண்ணும் நெஞ்சும் படும் பாடு கொஞ்சமல்ல. பிறகு தோண்டி எலியை எடுப்பர். அது சேர்த்துவைத்த நெற்கதிரும் கிடைக்கும். தீயில் வாட்டி மயிரைப் பொசுக்கி, குடலை நீக்கி, மஞ்சள் தடவிச் சுடுவர். மிளகாய், பூண்டு சேர்த்துக் குழம்பும் வைப்பர். நெல் தின்று வளரும் வயல் எலியைச் சாக்கடை எலியோடு சேர்த்து இகழ்வது அறியாமை. எலி பிடிப்பதைப் போலன்றி, முயல், உடும்பு, கவுதாரி வேட்டை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எலிமருந்து வைத்த வயலில் பிடித்த எலியை உண்ணக்கூடாது.