அளக்கப் போனவர்கள்

1901 அக்டோபர் 24 அன்று லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பத்துப் பேர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய பிரிட்டிஷ் உளவியல் சங்கம். 2026 அக்டோபரில் அதற்கு 125 வயது நிறைகிறது. பெயரில் ‘பிரிட்டிஷ்’ ஏறியது 1906இல்தான்; ஏறக்குறைய அதே பெயரில் இன்னொரு கூட்டமும் இயங்கியதால் வந்த குழப்பத்தைத் தீர்க்கச் செய்த ஏற்பாடு அது.

வெளிநாட்டு உறவுக்கென்று தனிக் குழு அமைக்கும் யோசனை அந்தப் பத்துப் பேருக்கு வந்திருக்காது. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அவர்களில் சிலர் வெளிநாட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். ஜேம்ஸ் சல்லி, 1892இல் லண்டனில் நடந்த இரண்டாம் உலக உளவியல் மாநாட்டின் செயலாளர்களுள் ஒருவர். ரிவர்ஸும் மெக்டூகலும் 1898இல் மானிடவியலாளர் ஹேடன் தலைமையில் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போய், தீவுவாசிகளின் பார்வையையும் தொடுவுணர்வையும் அளந்து திரும்பியவர்கள். பழங்குடிகளுக்குக் கழுகுக் கண் என்று பயணிகள் எழுதிவைத்த கதைகளை அந்த அளவீடுகள் கரைத்துவிட்டன. பார்வைக் கூர்மையில் பெரிய வித்தியாசம் இல்லை. பழகிய இடத்தில் எதைக் கவனிப்பது என்ற தேர்ச்சிதான் வேறு என்று ரிவர்ஸ் கண்டார்.

அதே ரிவர்ஸ் 1901–02இல் தோடர்களை ஆராய நீலகிரிக்கு வந்தார். தோடர் மொழி அவருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர்களை நம்பியே, மந்து எனப்படும் அவர்கள் குடியிருப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் வேலை பார்த்தார். அவர் கையில் இருந்த சோதனைகளுள் ஒன்று முல்லர்–லயர் கோடுகள். ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள்; ஒன்றின் முனைகளில் அம்புத்தலை உள்நோக்கி மடங்கியிருக்கும், மற்றதில் வெளியே விரிந்திருக்கும். விரிந்ததுதான் நீளம் என்று கண் சாதிக்கும். இந்தக் கண்மயக்கில் இங்கிலாந்துக்காரர்கள் ஏமாந்த அளவுக்குத் தோடர்கள் ஏமாறவில்லை. ஆனால் நிற்கும் கோடு படுத்த கோட்டைவிட நீளமாகத் தெரியும் மயக்கில் அவர்களே கூடுதலாக ஏமாந்தார்கள். ‘நாகரிகம் குறைந்தவன் எதிலும் ஏமாறுவான்’ என்றோ, ‘எதிலும் ஏமாறமாட்டான்’ என்றோ ஒரே போடாகச் சொல்ல இடமில்லாமல் போயிற்று.

1904இல் ரிவர்ஸும் ஜேம்ஸ் வார்டும் ஓர் ஆய்விதழ் தொடங்கினார்கள். பின்னாளில் சங்கத்தின் சொத்தான அந்த இதழின் முதல் தொகுதியிலேயே தோடர்களின் புலன்களைப் பற்றிய நீண்ட கட்டுரை இருக்கிறது. சங்கத்தின் வெளியுறவு வரலாற்றை மாநாடுகளிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் இந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குவேன். உதகைப் பக்கத்து மனிதர்கள் அதற்குள் எண்களாகப் போனார்கள். பதிலுக்கு ரிவர்ஸின் கண்ணை அளக்க அங்கிருந்து யாரும் கேம்பிரிட்ஜுக்குப் போகவில்லை.

சமமாக உட்கார்ந்து பேசுவது வேறு கதை. அதில் முதல் பெயர் சார்லஸ் மயர்ஸ். இவரும் டாரஸ் பயணத்தில் போனவர்தான். 1915இல் ‘லான்செட்’ இதழில் ‘ஷெல் ஷாக்’ என்ற சொல்லை அச்சேற்றியவர், 1920இல் சங்கத்தின் முதல் தலைவரானார். 1923இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஏழாம் உலக மாநாடு அவர் தலைமையில் கூடியது. இதற்கு முந்தைய மாநாடு 1909இல் ஜெனீவாவில் நடந்தது. நடுவில் ஒரு பெரும் போர். சர்வதேச அறிவியல் அமைப்புகள் பல ஜெர்மானியர்களுக்குக் கதவடைத்திருந்த ஆண்டுகள் அவை. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில் ஜெர்மன் உளவியலாளர் கோலர் மேடையேறி உருவப் புலனுணர்வைப் பற்றிப் பேசினார். போர்முனையில் நிலைகுலைந்த பிரிட்டிஷ் சிப்பாய்களை நாள்தோறும் பார்த்தவரே அந்த மாநாட்டுக்குத் தலைவர் என்பதை மறந்துவிட்டு இதைப் படிக்க முடியவில்லை.

இரண்டாம் போருக்குப் பின்னும் உலக மாநாடு பிரிட்டனில்தான் மீண்டும் கூடியது: 1948, எடின்பரோ. மாநாடு முடிந்தால் கலைந்துபோகும் கூட்டத்துக்குப் பதில் நாட்டுச் சங்கங்களின் நிலையான ஒன்றியம் வேண்டும் என்ற பேச்சு அங்கே உருக்கொண்டது. 1951இல் ஸ்டாக்ஹோமில் ஒன்றியம் பிறந்தது; பிரெஞ்சுக்காரரான பியரோன் முதல் தலைவர். பிரிட்டிஷ் சங்கம் தொடக்க உறுப்பினர்களுள் ஒன்று. 1969இல் மாநாடு மறுபடி லண்டனுக்கு வந்தது. 1981இல் உளவியல் சங்கங்களின் ஐரோப்பியக் கூட்டமைப்பு உருவானதிலிருந்து பேச்சு பெரும்பாலும் பயிற்சித் தரம், தொழில் நெறி என்று நிர்வாகப் பக்கம் திரும்பிவிடுகிறது. தேவையான வேலைதான், படிக்கச் சுவையில்லை.

கல்கத்தாவில் நரேந்திரநாத் சென்குப்தா இந்திய உளவியல் சங்கத்தைத் தொடங்கியது 1924இல், அதாவது ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டுக்கு மறு ஆண்டு. முல்லர்–லயர் கோடுகளோ இன்று நம் கல்லூரிகளின் உளவியல் செய்முறை நோட்டில் இருக்கின்றன. மாணவர் பலகையை நகர்த்தி, இரு கோடும் சமம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்துகிறார். பிழையை மில்லிமீட்டரில் எழுதிக்கொள்கிறார்.