ஒரு தேதி, இரண்டு பென்ஷன்

போன சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் காலனி மாமா பிடித்துக்கொண்டார். மத்திய அரசில் இருந்து 2001-ல் ரிடையர் ஆனவர். மகனும் மத்திய அரசுதான், 2005-ல் சேர்ந்தவர். "எனக்குப் பென்ஷன், அவனுக்கு மார்க்கெட் விட்ட வழி. என்னப்பா நியாயம் இது?" என்றார். (மார்க்கெட் என்று அவர் சொன்னது பங்குச் சந்தையை!)

மாமாவைப் போன்றவர்கள் டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஏன் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1979 மே மாதம் மத்திய அரசு பென்ஷன் கணக்கை மாற்றியது. அதுவரை கடைசி 36 மாதச் சம்பளத்தின் சராசரி. இனி 10 மாதச் சராசரி. கடைசியில்தானே சம்பளம் அதிகம், அதனால் பென்ஷனும் கூடும். ஆனால் 1979 மார்ச் 31 முதல் ஓய்வு பெறுகிறவர்களுக்கு மட்டும். பிப்ரவரிக் கடைசியில் வீட்டுக்குப் போனவர், அதே நாற்காலியில் அத்தனை வருடம் உட்கார்ந்திருந்தாலும் பழைய கணக்குதான்.

பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து 1972-ல் ஓய்வு பெற்ற டி.எஸ்.நகாரா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். எச்.டி.ஷோரியின் 'காமன் காஸ்' அமைப்பும் சேர்ந்துகொண்டது. 1982 டிசம்பர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. பென்ஷன் அரசு மனமிரங்கிப் போடும் இனாம் அல்ல, உழைத்துச் சேர்த்த உரிமை. ஓய்வு பெற்றவர்களை ஒரு தேதியை வைத்து இரண்டாகப் பிரிப்பது அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவுக்கு விரோதம். பழையவர்களுக்கும் புதுக் கணக்கு கிடைத்தது.

அப்புறம் இன்னொரு தேதி வந்தது. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசில் சேர்ந்தவர்களுக்கு (ராணுவம் தவிர) புதிய பென்ஷன் திட்டம். தமிழ்நாடு ஒன்பது மாதம் முந்திக்கொண்டு 2003 ஏப்ரல் 1-லேயே பழையதை நிறுத்தியது. நகாரா தீர்ப்பு இங்கே உதவாது. அது ஒரே திட்டத்தில் இருந்தவர்களைப் பிரித்த கதை. இதுவோ திட்டமே வேறு. என் கணக்கில் வலி ஒன்றுதான்.

2025 ஏப்ரல் 1-ல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்தது. 25 வருட சர்வீஸ் இருந்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பள சராசரியில் பாதி. ஆனால் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம் உண்டு. மாமா காலத்தில் பென்ஷனுக்கென்று ஒரு பைசா பிடிக்கவில்லை.

நான் 2010 ஏப்ரலுக்குப் பிறகு வங்கியில் சேர்ந்தவன், அந்தப் பாதியும் எனக்கில்லை. ஊரில் அம்மா, அப்பாவின் குடும்ப ஓய்வூதியத்தில்தான் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிறாள்.

"உங்க பையன் எதுக்கு மாறினார் மாமா?"

"கேட்டா எரிஞ்சு விழறான்" என்றவர், முருங்கைக்காய்க்கு நான் நீட்டிய நோட்டைத் தள்ளிவிட்டார். "வைப்பா உள்ளே. பென்ஷன்காரன் நான் தர்றேன்."