ஒரே பட்டறையில் மூன்று கப்பல்கள்

2014 பிப்ரவரியில் எனக்குப் பதினெட்டு வயது. இந்தோனேசியா தன் புதிய போர்க்கப்பல் ஒன்றுக்கு ‘உஸ்மான் ஹாருன்’ என்று பெயர் வைக்கப்போகிறது என்ற செய்தி வந்தது. அந்த இருவரும் யாரென்று செய்தி வந்த பிறகுதான் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்ட பத்தாவது நிமிடம் ஃபேஸ்புக்கில் எழுதியும் விட்டேன்: இந்தக் கப்பல் நம்ம கடல் பக்கம் வந்தா மூழ்கடிச்சிரணும். அடுத்த ஆண்டு தேசிய சேவைக்குப் போகப்போகிறவன் என்பதால் அந்த வாக்கியத்துக்குத் தனி கம்பீரம் இருப்பதாக நினைப்பு. அறுபது பேர் விருப்பம் தெரிவித்தார்கள்.

விஷயம் தாத்தாவின் காதுக்குப் போனது. சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். “யாரைடா மூழ்கடிக்கப் போற? குண்டு வெடிச்சப்ப அந்தக் கப்பல்ல இருக்கிறவன்ல பாதிப் பேரோட அப்பனுக்கே கல்யாணம் ஆயிருக்காதே.”

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இவருக்கு நாட்டுப்பற்று இல்லையோ என்றுகூடத் தோன்றியது. பத்து ஆண்டு கழித்து இதை எழுதுகிறேன். தாத்தா இப்போது இல்லை.

நடந்தது இதுதான். 1965 மார்ச் 10, பிற்பகல் மூன்று மணி தாண்டிய நேரம். ஆர்ச்சர்ட் சாலையில் இன்றும் நிற்கிற செங்கல் கட்டடமான மெக்டொனால்ட் ஹவுஸில் குண்டு வெடித்தது. (பர்கர் கடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மால்கம் மெக்டொனால்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் பெயர் அது.) உள்ளே ஹாங்காங் ஷாங்காய் வங்கி. இரண்டு பெண் ஊழியர்கள் இறந்தார்கள். படுகாயமடைந்த ஓர் ஓட்டுநர் பிறகு இறந்தார். காயமடைந்தவர்கள் 33 பேர். குண்டு வைத்த உஸ்மானும் ஹாருனும் இந்தோனேசியக் கடற்படையின் கொமாண்டோப் பிரிவைச் சேர்ந்தவர்கள். சீருடை அணியாமல் வந்தவர்கள். படகில் தப்பும்போது இயந்திரம் கோளாறாகி நடுக்கடலில் பிடிபட்டார்கள். 1968 அக்டோபர் 17 அன்று சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஜக்கர்த்தாவில் அவர்களுக்குத் தேசிய வீரர் பட்டம் கிடைத்தது. கலிபாத்தா மாவீரர் மயானத்தில் உடல்கள் அடக்கமாயின.

ஒரே இருவர். இங்கே கொலையாளிகள், அங்கே வீரர்கள். இந்த இடத்தில் வழக்கமாக ஒரு சுலபமான வழியில் இறங்கிவிடுவார்கள்: நம்முடையது நாட்டுப்பற்று, அவர்களுடையது தேசியவாதம். பதினெட்டு வயதில் நானும் அப்படித்தான் இறங்கினேன்.

ஜார்ஜ் ஆர்வெல் 1945இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த இரண்டையும் பிரிக்கிறது. நாட்டுப்பற்று ஓர் இடத்தின் மீதும் வாழ்முறையின் மீதும் உள்ள பிடிப்பு, அதை அடுத்தவர் மீது திணிக்கும் ஆசை அதற்கு இல்லை. தேசியவாதமோ அதிகார ஆசையிலிருந்து பிரிக்க முடியாதது. சுருக்கமாக இதுதான் அவர் சொல்வது. தமிழில் சொற்களே இதைச் சொல்லிவிடுகின்றன என்று எனக்குத் தோன்றும். ஒன்று பற்று, மற்றது வாதம். வாதம் வந்தால் கைகால் இழுத்துக்கொள்ளும் என்று பாட்டி சொல்வாள்.

ஆனால் ஆர்வெல்லிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. ஏற்கெனவே ஒரு நாடு கையில் இருப்பவனுக்கு இந்தப் பிரிவினை சரி. நாடே இல்லாதவன் என்ன செய்வான்? அதே 1945இல் ஜக்கர்த்தாவில் சுகர்ணோ பேசிக்கொண்டிருந்தார். டச்சுக்காரர்களிடம் சிறையும் நாடுகடத்தலும் அனுபவித்தவர். பல ஆயிரம் தீவுகளை ஒரே நாடாக நினைக்க வைக்க அவரிடம் இருந்த ஒரே கருவி தேசியம். அந்த ஆண்டு ஜூன் 1ஆம் தேதி பஞ்சசீலக் கொள்கையை முன்வைத்த உரையில் அவர் காந்தியை எடுத்துக்காட்டி, தேசியம் மனிதநேயத்தோடு சேர்ந்திருக்க வேண்டும் என்றார். தன் நாடே எல்லாவற்றுக்கும் மேல் என்கிற வெறி வந்துவிடக்கூடாது என்று எச்சரித்தார். பத்து ஆண்டு கழித்து, 1955இல், பாண்டுங் மாநாட்டில் ஆசிய ஆப்பிரிக்க நாடுகளை ஒரே கூரையின் கீழ் அமர வைத்தவரும் அவர்தான்.

அதே மனிதர் 1963 ஜூலையில் மேடையேறி ‘கான்யாங் மலேசியா’ என்றார். மலேசியாவை நசுக்கு. இடையில் என்ன ஆனது?

அவர் பக்கம் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. மலேசியக் கூட்டமைப்பு பிரிட்டன் பின்வாசல் வழியாகத் தங்கிவிடுவதற்கான ஏற்பாடு என்று அவர் நம்பினார். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படைத்தளம் இருக்கத்தான் செய்தது. சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை ஐநா குழு விசாரித்துச் சொல்லட்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அதன் அறிக்கை வரும் முன்பே, மலேசியா உதயமாகும் நாள் செப்டம்பர் 16 என்று கோலாலம்பூர் அறிவித்துவிட்டது. அது அவமரியாதைதான். நம் பக்கத்துக் கதைகளில் இதை வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

ஆனால் உள்நாட்டுக் கணக்கு வேறு. 1963 மே மாதம் மேற்கு இரியான் இந்தோனேசியாவின் கைக்கு வந்துவிட்டது. பல ஆண்டு நடந்த அந்தப் போராட்டம்தான் ராணுவத்தையும் கம்யூனிஸ்ட் கட்சியையும் ஒரே மேடையில் நிறுத்தி வைத்திருந்தது. இருவருக்கும் நடுவில் தராசு முள் மாதிரி நின்றவர் சுகர்ணோ. மேடை கலைந்தால் முள்ளுக்கு வேலையில்லை. பொருளாதாரத்தைச் சீர்செய்ய அதே மாதம் போட்ட திட்டம் கசப்பு மருந்தாக இருந்தது. கொன்ஃப்ரொந்தாசி சூடு பிடித்ததும் அது கைவிடப்பட்டது. செப்டம்பரில் ஜக்கர்த்தாவில் பிரிட்டிஷ் தூதரகம் எரிந்தது. மலேசியாவுடனும் சிங்கப்பூருடனும் வணிகம் நின்றது. 1965 ஜனவரியில், பாதுகாப்பு மன்றத்தில் மலேசியாவுக்கு இடம் கிடைத்ததைப் பொறுக்காமல், இந்தோனேசியா ஐநாவை விட்டே வெளியேறியது. அந்த ஆண்டு அங்கே விலைவாசி பல மடங்கு ஏறியது. அரிசிக்கு வரிசையில் நின்ற மக்களுக்கு மலேசியா நசுங்கினால் என்ன கிடைத்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. வெளியுறவுக் கொள்கையில் தேசியவாதத்தை அடையாளம் காண எனக்குத் தெரிந்த வழி இதுதான்: எதிரி இல்லாத நாளில் அதற்குப் பேச எதுவும் இருக்காது.

இதை எழுதி நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்து நடந்தது வசதியாக இல்லை. கொன்ஃப்ரொந்தாசியை முடித்து, 1966 ஆகஸ்ட் 11 அன்று ஜக்கர்த்தாவில் அமைதி உடன்பாட்டில் கையெழுத்திட்டது சுஹார்த்தோ தரப்பு. அடுத்த ஆண்டே ஆசியான் பிறந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த நம் எஸ். ராஜரத்தினம் பாங்காக்கில் சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டார். எல்லாம் சரி. ஆனால் அதே சுஹார்த்தோ தரப்பு ஆட்சியைப் பிடித்த மாதங்களில்தான் ஜாவாவிலும் பாலியிலும் சுமத்ராவிலும் கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அண்டை நாட்டிடம் நிதானமாக நடந்துகொண்ட அரசு சொந்த ஊரில் அப்படி நடக்கவில்லை. நமக்கு அமைதி வந்தது. அந்த அமைதியைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் தாழ வேண்டும் என்று மட்டும் நினைக்கிறேன்.

கப்பலுக்கு வருகிறேன். நான் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டுக் கப்பல் பட்டறையில் வேலை செய்பவன். அதனால் பெயரை விட்டுவிட்டு முதலில் கப்பலைத்தான் படித்தேன்.

அது தனிக் கப்பல் இல்லை. மூன்றில் ஒன்று. ஒரே வடிவமைப்பு, 95 மீட்டர் நீளம், ஸ்காட்லாந்தின் கிளைட் நதிக்கரையில் பிரிட்டிஷ் நிறுவனம் கட்டியது. கட்டச் சொன்னது புருணை. ஒப்பந்தத்தில் சொன்னபடி இல்லை என்று அவர்கள் எடுத்துக்கொள்ள மறுக்க, வழக்கு நடுவர் மன்றம் வரை போனது. கப்பல்கள் ஆண்டுக்கணக்கில் பிரிட்டனில் சும்மா கிடந்தன. கடைசியில் இந்தோனேசியா வாங்கியது. பிரிட்டனின் நவகாலனியத்தை எதிர்த்துக் குண்டு வைத்தவர்களின் பெயர், பிரிட்டன் கட்டிய கப்பலில். இந்தச் செய்தியைப் படித்த அன்று தனியாகச் சிரித்தேன்.

மற்ற இரண்டு கப்பல்களின் பெயர்கள்தான் என்னை நிறுத்தின.

ஒன்று, புங் தோமோ. 1945 நவம்பரில் சுராபாயா நகரத்தைப் பிரிட்டிஷ் படை தாக்கியபோது வானொலியில் பேசிப் பேசியே மக்களைத் திரட்டிய இளைஞர். அந்தப் படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். தாங்களே அடிமை நாட்டுக்காரர்கள், இன்னோர் அடிமை நாட்டின் விடுதலையை நசுக்க அனுப்பப்பட்டிருந்தார்கள். சுராபாயா மக்கள் காத்தது தங்கள் தெருக்களை.

இன்னொன்று, ஜான் லீ. மனாடோவில் பிறந்த சீனர், கிறிஸ்தவர். டச்சுக் கடற்படையின் முற்றுகையை ஏய்த்து, விளக்கை அணைத்துவிட்டுக் கப்பல் ஓட்டியவர். ரப்பர் போன்ற சரக்குகளை இந்தப் பக்கம் கொண்டுவந்து விற்று, ஆயுதங்களோடு திரும்பினார். அவர் சரக்கு இறக்கிய துறைமுகங்களில் சிங்கப்பூரும் ஒன்று. அந்தக் குடியரசு பிழைத்திருக்க அக்கம்பக்கத்துத் துறைமுகங்களும் ஒரு காரணம்.

மூன்றாவது, உஸ்மான் ஹாருன்.

ஒரே பட்டறை, ஒரே வரைபடம், ஒரே எஃகு. முதல் பெயர் தன் ஊரைக் காத்தது. இரண்டாவது, அண்டை ஊரின் உதவியோடு தன் ஊரை வாழவைத்தது. மூன்றாவது, அண்டை ஊரின் வங்கியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்களைக் கொன்றது. ஒரு நாட்டின் கடற்படை மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறது. ஒரே ஆளின் மனதுக்குள்ளும் இவை மூன்றும் ஒரே வரிசையில்தான் இருக்கும்போல. எது முடிந்து எது தொடங்குகிறது என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரிவதில்லை. என் அறுபது விருப்பங்கள் எந்தக் கப்பலில் ஏறின என்று எனக்கும் அன்று தெரியவில்லை.

தாத்தா அப்புறம் ஒருநாள் தானே பேச்சை எடுத்தார். துறைமுகத்தில் வேலை. இந்தோனேசிய வணிகம் நின்றதும் படகுகள் குறைந்தன, கூலியும் குறைந்தது. 1964இல் அரசாங்கம் விஜிலாண்டே தொண்டர் படை அமைத்தபோது சேர்ந்துகொண்டார். இரவில் வட்டாரத்தைச் சுற்றி வரவேண்டும், சந்தேகப்படும்படி பொட்டலம் கிடந்தால் தகவல் சொல்ல வேண்டும். கையில் ஒரு தடி, ஒரு டார்ச்லைட்.

“எந்த நாட்டுக்காகத் தாத்தா?” என்றேன், கிண்டலாக.

அவர் யோசித்தார். “மலேசியான்னுதான் சொல்லணும். அப்ப அதானே நாடு. அடுத்த வருஷமே அது மாறிப்போச்சு. நான் அதே லோரோங்லதான் சுத்திக்கிட்டிருந்தேன்.”

அவருக்கு இருபத்தைந்து வயதாவதற்குள் கொடி எத்தனை முறை மாறியது என்று எண்ணிப் பார்த்தேன். பிரிட்டன், ஜப்பான், மறுபடி பிரிட்டன், தன்னாட்சிச் சிங்கப்பூர், மலேசியா, சிங்கப்பூர். டார்ச்லைட் அடித்த சந்து மாறவில்லை. மெக்டொனால்ட் ஹவுஸில் இறந்த மூவரும்கூட மலேசியர்களாகத்தான் இறந்தார்கள். அவர்களுக்காகத் தீர்ப்பு எழுதிய நாடு அன்று பிறந்திருக்கவில்லை.

தூக்கு சரியா? சுஹார்த்தோ தனித் தூதர் அனுப்பிக் கருணை கேட்டார். பத்து மடங்குக்கும் மேல் மக்கள்தொகை உள்ள அண்டை நாடு, அதுவும் இப்போதுதான் சமாதானமானது. மூன்று வயதுக் குட்டி நாடு மறுத்தது. தூக்குத் தண்டனையே எனக்கு ஒவ்வாதது. ஆனாலும் பெரியவன் கேட்டான் என்பதற்காக நீதிமன்றத் தீர்ப்பை மாற்றினால் நாளைக்கு எதைத்தான் மாற்றாமல் இருப்பது என்ற அச்சம் புரிகிறது. ஜக்கர்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகம் சூறையாடப்பட்டது. உறவு உறைந்தது. 1973 மே மாதம் லீ குவான் இயூ ஜக்கர்த்தா போனபோது, தூதர் லீ கூன் சோய் சொன்ன யோசனைப்படி, அந்த இரண்டு கல்லறைகளிலும் பூத் தூவினார். தீர்ப்பு தவறென்று சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பூ மட்டும். ஜாவானியர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். இந்த ஒரு செயலைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். இறந்த மூவரின் வீடுகளில் அன்று அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்றும் நினைக்கிறேன்.

2014இல் பூ இல்லை. சிங்கப்பூர் அந்தக் கப்பலைத் தன் துறைமுகங்களுக்கு வர விடாது என்று நாடாளுமன்றத்தில் சொன்னது. சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். மூழ்கடிப்போம் என்று யாரும் சொல்லவில்லை, என்னைத் தவிர. அடுத்த ஆண்டு கட்டடத்துக்கு எதிரே, தோபி காட் பசுந்திடலில், நினைவுச் சின்னம் எழுந்தது.

போன ஆண்டு என் பட்டறைக்குப் பாத்தாம் தளத்திலிருந்து ஒரு மூத்த பொறியாளர் வந்திருந்தார். அவரை மாஸ் என்றுதான் கூப்பிடுவேன். ஜாவா மொழியில் அண்ணன். (நம் சினிமா மாஸ் இல்லை. அவருக்கு அதை விளக்கியபோது வெகு நேரம் சிரித்தார்.) சாப்பிட்டுவிட்டுத் தோபி காட் வழியாக நடந்தோம். நினைவுச் சின்னத்தைப் பார்த்து, இது என்ன என்றார். சொன்னேன்.

பள்ளிக்கூடத்தில் அவர்களை வீரர்கள் என்று படித்ததாகச் சொன்னார். ஹாருன் பவேயான் தீவுக்காரர் என்றார். எனக்குத் தெரியும் என்றேன். சிங்கப்பூருக்குத் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்க வந்தவர்கள் பவேயான் மக்கள், இங்கே பொயானீஸ் என்போம். தீவின் விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான் என்றார் மாஸ்.

சாலைக்கு அந்தப்புறம் கட்டடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்களுக்கு உத்தரவு வந்தது, செய்தாங்க,” என்றார். “நீயும் ராணுவத்துல இருந்தவன்தானே. உனக்கு வந்திருந்தா?”

நான் இன்னும் ஆண்டுதோறும் தயார்நிலைப் பயிற்சிக்குப் போகிறவன். மாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று என்றேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். பிறகு அவருக்குப் படகுக்கு நேரமாகிவிட்டது, இருவரும் ரயிலுக்கு இறங்கினோம்.