ஆனைமலை மண்ணின் பழைய உழவர்கள்

"மண்புழு உழவனின் நண்பன்" என்று சிறு வயது முதலே படித்து வருகிறோம். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். ஆனால் "எந்த மண்புழு?" என்ற கேள்வியை நம்மில் எத்தனை பேர் எழுப்பியிருப்போம்? மாடு என்றால் காங்கேயமா, பர்கூரா, ஆலம்பாடியா என்று கேட்பது கொங்கு நாட்டு வழக்கம். மண்புழு என்றால் மட்டும் எல்லாம் ஒன்றே என்று விட்டுவிடுகிறோம். இந்தியாவில் 400க்கும் மேற்பட்ட மண்புழு இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பல மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை.

இயற்கை முறையில் வளர்க்கும் காப்பித் தோட்டத்தில் மண்புழு மிகுதி, இரசாயன முறைத் தோட்டத்தில் குறைவு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது எவ்வளவு தூரம் உண்மை? இதற்கு விடை காண, வால்பாறை மலையின் மண்ணுக்கு நேர்ந்த கதையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

டார்வின் மேசைக்குச் சென்ற நீலகிரி மண்

மண்புழுவுக்கு அறிவியலில் மதிப்புத் தேடித் தந்தவர் சார்லஸ் டார்வின். 1837ஆம் ஆண்டிலேயே இலண்டன் புவியியல் கழகத்தில் மண்புழுவைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். 1842இல் தம் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணாம்புக் கட்டிகளைப் பரப்பச் செய்தார். 29 ஆண்டுகள் காத்திருந்து, 1871இல் அங்கே பள்ளம் வெட்டிப் பார்த்தார். மேலே கிடந்த சுண்ணாம்பு 7 அங்குல ஆழத்தில் இருந்தது! மண்புழுக்கள் அடிமண்ணை உண்டு, மேலே கொண்டுவந்து கழித்துக் கழித்து, சுண்ணாம்பைப் புதைத்துவிட்டிருந்தன. ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே செல்கிறது என்று அவர் கணக்கிட்டார். இந்த ஆராய்ச்சி 1881இல் நூலாக வந்தது. அதுவே அவருடைய கடைசி நூல்.

அந்த நூலில் நம் மலைக்கும் இடமுண்டு என்பதை அறிவீர்களா? கல்கத்தாத் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த டாக்டர் கிங் என்பவர், நீலகிரியில் சுமார் 7,000 அடி உயரத்தில் சேகரித்த மண்புழுக் கழிவுக் கட்டிகளை டார்வினுக்கு அனுப்பினார். அவற்றுள் மிகப் பெரியது ஏறத்தாழ 123 கிராம் எடை இருந்தது. கால் பவுண்டுக்கும் அதிகம் என்று டார்வின் வியந்து எழுதியிருக்கிறார். அந்தப் புழுக்கள் ஓர் அடிக்கு மேல் நீளமும் சுண்டு விரல் பருமனும் உடையவை என்றும், மழைக்காலத்தில் மட்டுமே கண்ணில் படுபவை என்றும் செய்தி கிடைத்ததாகக் குறித்துள்ளார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1891இல் பெ. சுந்தரம் பிள்ளையின் "மனோன்மணீயம்" வெளிவந்தது. அந்த நாடகத்தில் நாங்கூழ்ப் புழுவை ஓயாது உழைக்கும் உழவனாகப் போற்றும் பகுதியைத் தமிழ் மாணவர் பலரும் படித்திருப்பர். நாங்கூழ் என்பது மண்புழுவுக்கு நம் மொழியிலுள்ள பழம்பெயர்.

திராவிடப் பெயர் தாங்கிய புழு

அந்தப் பெரும் புழுக்களுக்கு முறையாகப் பெயரிட்டு விவரிக்கும் வேலையும் அக்காலத்திலேயே தொடங்கியது. சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய ஆல்பிரட் கிப்ஸ் போர்ன் என்ற பேராசிரியர், 1886இல் நீலகிரி, சேர்வராயன் மலைகளின் மண்புழுக்களைப் பற்றி முதற் கட்டுரை வெளியிட்டார். 1894இல் நீலகிரியின் மாபெரும் மண்புழு ஒன்றை விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஹாம்பர்க் நகரத்து அறிஞர் மைக்கேல்சன், தென்னாட்டுப் புழுக்கள் பல அடங்கிய ஒரு பேரினத்துக்கு 1900இல் "திராவிடா" என்று பெயர் சூட்டினார். போர்ன் விவரித்த அந்தப் பெரிய புழு இன்று "திராவிடா கிராண்டிஸ்" என வழங்குகிறது. 1923இல் ஸ்டீபன்சன் என்பார் இந்திய மண்புழுக்களைத் தொகுத்துப் பெரிய நூலாக்கினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அறிஞர்கள் இப்புழுக்களுக்குப் பெயரிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், அவை வாழ்ந்த காடுகள் மறுபக்கம் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தன.

காப்பி வந்தது, காடு குறைந்தது

ஆனைமலையில் வால்பாறைப் பகுதியில் 1846இல் இராமசாமி முதலியார் காப்பி பயிரிடத் தொடங்கினார் என்பது வரலாற்றுக் குறிப்பு. 1864இல் கர்நாடிக் காப்பிக் கம்பெனி தோட்டம் போட்டது. ஆனால் இலாபம் கிட்டவில்லை. அதற்குள் இன்னொரு இடியும் விழுந்தது. 1869இல் இலங்கையில் காப்பி இலைகளில் துருப்போன்ற மஞ்சள் பொடி படிவதைக் கண்டனர். அது இலைத்துரு நோய். அதை உண்டாக்கும் பூஞ்சையின் பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். சில ஆண்டுகளில் தென்னிந்தியக் காப்பியையும் அது பற்றிக்கொண்டது. இலங்கை காப்பியைக் கைவிட்டுத் தேயிலைக்கு மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார்வர் மார்ஷ் போன்ற துரைமார் ஆனைமலைக்கு வந்து, பெரிய அளவில் காட்டை அழித்துத் தோட்டங்களை விரித்தனர். சமவெளியிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் மலையேற்றப்பட்டனர். மழையிலும் அட்டைக் கடியிலும் மலேரியாவிலும் அவர்கள் பட்ட பாட்டின் மீதே இன்றைய பச்சைப் பாய் விரிந்திருக்கிறது. காலப்போக்கில் தேயிலையே முதற்பயிராயிற்று. காப்பி சில சரிவுகளில் மட்டும் தங்கியது.

காடு போனால் மண்புழுவுக்கு என்ன நேரும்? இதை அறிய, புழுக்களின் வாழ்விடத்தைப் பற்றிச் சிறிது தெரிய வேண்டும். பிரெஞ்சு அறிஞர் பூஷே 1970களில் மண்புழுக்களை மூன்றாகப் பிரித்தார். சருகுக்குள் வாழ்ந்து சருகையே உண்பவை முதல் வகை. மண்ணுக்குள்ளேயே கிடைமட்டமாக வளை தோண்டி, மண்ணை உண்டு வாழ்பவை இரண்டாம் வகை. ஆழமான நேர்குத்து வளையில் வாழ்ந்து, இரவில் மேலே வந்து சருகை இழுத்துச் செல்பவை மூன்றாம் வகை. சோலைக் காட்டில் சருகு மெத்தை உண்டு, நிழல் உண்டு, ஈரம் உண்டு. மரங்களை வெட்டி, நிலத்தைச் சுத்தமாகக் களையெடுத்து, வெயிலுக்குத் திறந்துவிட்டால் முதலில் அழிவது சருகுப் புழுவே. கனமழையில் மேல்மண் கரைந்தோடும்போது மற்றவையும் இடம் இழக்கின்றன.

வேரோடு வந்த விருந்தாளி

காலியான வீட்டில் புதியவர் குடியேறுவது இயல்புதானே? 1829இல் இலண்டன் மருத்துவர் வார்ட் என்பவர், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி நெடுநாள் வாழும் என்பதைக் கண்டார். அதன்பின் கப்பல்களில் இத்தகைய பெட்டிகள் கண்டம் விட்டுக் கண்டம் செடிகளைச் சுமந்தன. 1860இல் நீலகிரிக்குச் சின்கோனாக் கன்றுகள் வந்ததும் இப்படித்தான். கன்றுடன் மண் வரும். மண்ணுடன் புழுவும் அதன் முட்டைக்கூடும் வரும் அல்லவா?

இவ்வாறு உலகம் சுற்றிய புழுக்களில் முதன்மையானது "பொன்டோஸ்கோலெக்ஸ் கோரெத்ரூரஸ்". இதன் தாயகம் தென் அமெரிக்கா. பிரேசிலில் குடியேறிய ஜெர்மன் அறிஞர் பிரிட்ஸ் முல்லர் 1850களில் இதை விவரித்தார். இதன் வால் பகுதியில் நுண்மயிர்கள் தூரிகைபோல் அடர்ந்திருக்கும். ஆண், பெண் கலப்பின்றியே இது இனம் பெருக்க வல்லது. ஒற்றைப் புழு வந்து சேர்ந்தாலும் போதும், ஒரு கூட்டமே உருவாகிவிடும்! இன்று வெப்ப மண்டல நாடுகள் எங்கும், குறிப்பாகக் காடழித்த தோட்டங்களில், இது பரவியுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காப்பி, தேயிலை, ரப்பர்த் தோட்டங்களிலும் இது தாராளமாகக் காணப்படுகிறது.

மருந்தும் உரமும்

இனி, வேளாண்மை முறைக்கு வருவோம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்யும் போர்டோக் கலவை 1885இல் பிரான்சில் திராட்சை நோய்க்காகக் கண்டறியப்பட்டது. பின்னர் காப்பித் துரு நோய்க்கும் அதுவே மருந்தாயிற்று. மயில்துத்தத்தில் உள்ள செம்பு எளிதில் கரைந்து போவதில்லை. மேல்மண்ணிலுள்ள மட்குடன் பிணைந்து ஆண்டுக்கு ஆண்டு சேர்கிறது. அந்த மட்குதான் புழுவின் உணவு. மண்ணில் செம்பு மிகுந்தால் புழுக்களின் வளர்ச்சியும் பெருக்கமும் குன்றும்.

அம்மோனியம் சல்பேட் உரம் வேறு வழியில் தீங்கு செய்கிறது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1856 முதல் நடந்துவரும் புல்வெளிச் சோதனையைப் பாருங்கள். சுண்ணாம்பு இடாமல் அம்மோனியம் சல்பேட் மட்டும் இட்டுவந்த பாத்திகள் புளித்துப்போய், மண்புழுக்கள் ஏறக்குறைய ஒழிந்தன. மட்காத புல் மேலே மெத்தைபோல் தேங்கிவிட்டது. பூச்சிமருந்தின் கதையை ரேச்சல் கார்சன் 1962இல் "மௌன வசந்தம்" என்னும் தம் நூலில் எழுதினார். டி.டி.டி. தெளித்த மரத்தின் இலை உதிர்ந்தது, அதைப் புழு தின்றது, புழுவைத் தின்ற ராபின் பறவை செத்தது.

மறுபுறம், ஸ்விட்சர்லாந்தில் 1978இல் தொடங்கிய நீண்டகாலச் சோதனையில், இயற்கை முறைப் பாத்திகளின் மண்புழு எடை, மற்றவற்றைவிட 1.3 முதல் 3.2 மடங்கு இருந்தது. ஆகவே, இயற்கை முறையில் புழு பெருகும் என்பதற்குத் தக்க ஆதாரம் உண்டு. ஒரு நுணுக்கத்தை மட்டும் மறக்கலாகாது. இயற்கை வேளாண்மை விதிகளிலும் போர்டோக் கலவைக்குக் கட்டுப்பாட்டுடன் அனுமதி உண்டு. "இயற்கை" என்ற முத்திரை ஒன்றே செம்பைத் தடுத்துவிடாது.

ஷேக்கல்முடியில் ஒரு சோதனை

வால்பாறையிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. நூறாண்டுக் காலம் தேயிலை விளைந்த மண் அங்கே சோர்ந்து போயிருந்தது. உரத்தை எவ்வளவு கூட்டினாலும் விளைச்சல் கூடவில்லை. 1990களில் பிரெஞ்சு மண்ணியல் அறிஞர் பாட்ரிக் லவேல், ஒடிசாவின் சம்பல்பூர்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சேனாபதி ஆகியோரின் குழு, பாரி அக்ரோ நிறுவனத்துடன் சேர்ந்து ஷேக்கல்முடி எஸ்டேட்டில் ஒரு முறையைச் சோதித்தது. தேயிலை வரிசைகளுக்கு இடையே குழி வெட்டி, கவாத்துக் கழிவையும் தொழு உரம் போன்ற பொருள்களையும் அடுக்கி, மண்ணிட்டு, மண்புழுக்களை விட்டனர். மண் உயிர் பெற்றது. விளைச்சலும் வருமானமும் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தன. தேய்ந்த மண்ணை மீட்க முடியும் என்பதற்கு உலக உணவு வேளாண்மை அமைப்பு இதை எடுத்துக்காட்டாகக் கூறுகிறது.

அங்கே உழைத்த புழுக்களில் நம் வெளிநாட்டு விருந்தாளியான பொன்டோஸ்கோலெக்ஸும் ஒன்று என்பதுதான் சிந்திக்க வேண்டிய செய்தி.

எண்ணிக்கை வேறு, வகை வேறு

அப்படியானால் அது நண்பனா, பகைவனா? ஷேக்கல்முடியில் அது நன்மை செய்தது. பிரேசிலின் மனாஸ் நகரருகே நடந்ததோ நேர்மாறு. காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடத்தில் உள்ளூர் மண்ணுயிர்கள் ஒழிந்தன; இந்தப் புழு மட்டும் பெருகியது. ஹெக்டேருக்கு ஆண்டில் 100 டன்னுக்கு மேல் கழிவை மேலே தள்ளி, மண்ணின் துளைகளை அடைத்து இறுக்கிவிட்டது. இறுகிய மண்ணைத் தளர்த்தும் வேறு உயிர்கள் அங்கே இல்லை. 1999இல் இது வெளியிடப்பட்டது. ஒரே புழு ஓரிடத்தில் மருந்து, மற்றோரிடத்தில் நோய்! வேறுபாடு எதில் இருக்கிறது? கூட வாழும் பிற உயிர்களிலும், மண்ணில் சேரும் மட்கிலும் இருக்கிறது.

இப்போது நம் முதற் கேள்விக்கு விடை சொல்லலாம். தொழு உரமும் சருகும் இட்டு, நஞ்சைக் குறைத்தால், புழுக்களின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் உயரும். ஆனால் வகைகள் அவ்வளவு எளிதில் திரும்பா. ஒரு மலைத்தொடரில் மட்டுமே வாழும் புழு அங்கிருந்து மறைந்துவிட்டால், எந்தக் கடையிலும் அதை வாங்க முடியாது. மட்குரத் தொட்டிக்கென விற்கப்படும் யூட்ரிலஸ் புழு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது; ஐசீனியா ஐரோப்பாவிலிருந்து வந்தது. இதனால்தான் சென்னைப் பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில் போன்றோர் லாம்பிட்டோ, பெரியோனிக்ஸ் ஆகிய நம் நாட்டுப் புழுக்களையே வளர்க்குமாறு வலியுறுத்தி வந்தனர்.

உள்ளூர் வகைகள் நிலைக்க வேண்டுமானால், தோட்டத்தில் பலவகை உள்நாட்டு நிழல் மரங்களும், கலையாத சருகும், அருகே வெட்டுப்படாத காட்டுத் துண்டும் வேண்டும். வால்பாறைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சியுள்ள சோலைத் துண்டுகள் சிங்கவால் குரங்குக்கும் இருவாசிக்கும் மட்டும் புகலிடம் என்று எண்ணாதீர்கள். நாளை தோட்ட மண்ணுக்குப் புழுக்களை அனுப்ப வேண்டிய வித்துக் களஞ்சியமும் அவையே.

நீங்களும் பார்க்கலாம்

மாணவர்களே, இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டா. மழைக்காலத்தில், 25 செ.மீ. நீள அகலமுள்ள சதுரத்தில் 30 செ.மீ. ஆழம் மண்ணை எடுத்து, பழைய சாக்கின் மேல் பரப்பிக் கையால் பிரியுங்கள். புழுக்களை எண்ணுங்கள். பிறகு நிறம், நீளம், வால் ஆகியவற்றைக் கொண்டு எத்தனை வகை என்று பிரித்துப் பாருங்கள். தோட்டத்தில் ஒன்று, வரப்போரத்தில் ஒன்று, மரத்தடியில் ஒன்று என மூன்று இடங்களில் செய்தால் ஒப்பிடலாம். உரம் இடும் நிலத்தையும் இடாத நிலத்தையும் ஒப்பிட்டால் இன்னும் சிறப்பு. குறிப்பேட்டில் இரண்டு எண்களைத் தனித்தனியே எழுதுங்கள்: எத்தனை புழு, எத்தனை வகை. முடிந்ததும் அவற்றை ஈரமண்ணிலேயே விட்டு மூடிவிடுங்கள். வெயிலில் அவை சில நிமிடங்களும் தாங்கமாட்டா.

முதல் எண் உங்கள் மண் இன்று எப்படி இருக்கிறது என்பதைக் கூறும். இரண்டாம் எண், அந்த மண்ணுக்கு இதுவரை என்னென்ன நேர்ந்தது என்பதைக் கூறும்.